ஐரோப்பாவுக்கு நான் போட்ட வழி

ஜனவரி 10, புதன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மாமாவுக்குக் கஞ்சி, இவருக்குச் சப்பாத்தி, எனக்கு மிச்சம் மீதி. எல்லாம் முடித்து உட்காரும்போது மணி மூன்று.

எங்கள் ஐரோப்பாப் பயணத் திட்டத்தில் வடக்கை இன்று முடித்துவிட்டேன். நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் தொடங்கி, ரயிலில் மலை ஏறி, படகில் ஃபியோர்டுக்குள் போகிறோம். மலையைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே வரும் இடம். ஓய்வு பெறும்வரை வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் அதை வரைந்து காட்டினேன். ஒரு பெண் எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. கிழக்குத் தாம்பரத்தில் வீடு, சேலையூரில் பள்ளிக்கூடம், நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ — நான் எதைப் பார்த்தேன்?

திசைக்கு ஒன்று. வடக்கே ஃபியோர்டு. மேற்கே ஹாலந்து, கடல் மட்டத்துக்குக் கீழே மனிதர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலம். தெற்கே இத்தாலியின் எரிமலை. கிழக்கே டான்யூப் நதியில் புடாபெஸ்ட் வரை. ஈஃபில் கோபுரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் ஐரோப்பா எனக்கு வேண்டாம்.

மூன்று வாரம் மாமாவைப் புஷ்பம் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அவள்தானே மகள்? "தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ விடு" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 21, ஞாயிறு

உடம்பெல்லாம் எரிகிறது.

பூசைக்கு முன்னால், யார் யாருக்காக எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற கருத்துகளை வாசித்தார்கள். இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற்றி, யாரோ ஒரு பையனின் தேர்வு, ஒரு திருமண நாள் — அதற்கடுத்து, "சாலமன், அமலராணி தம்பதியரின் ஐரோப்பியப் பயணம் இறைவனின் ஆசீரோடு இனிதே அமைய..." மைக்கில். கோயில் முழுக்க. இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டார். விசாவே இன்னும் கேட்கவில்லை!

இரண்டு வரிசை முன்னால் இருந்த புஷ்பம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் இவர் பேசவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டாள். "கூடப் பொறந்தவ நானு. மைக்குல கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணுமா அண்ணி?"

இவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலில்தான் இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பெருங்களத்தூர் போனோம், சமாதானம் செய்ய. புஷ்பத்தின் வீட்டுக்காரர் சின்னப்பன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறவர். கோபம் வந்தால் பேச மாட்டார், ரிமோட்டைத்தான் அழுத்துவார். காபி வர அரைமணி ஆனது.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் இவர் வாயைத் திறந்தார்: "அதுக்கென்ன புஷ்பம், நீங்களும் வாங்களேன்."

நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் "வாங்க, சாப்பிடலாம்" என்போமே, அந்த மாதிரி. "இருக்கட்டும்ணா, நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்று பதில் வர வேண்டும். அத்துடன் மனஸ்தாபம் தீர்ந்துவிடும்.

புஷ்பம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்: "எப்போண்ணா கிளம்பணும்?"

சின்னப்பன் டிவியை அணைத்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

பட்டறைக்கு மே மாதம் லீவு விட்டாயிற்றாம். பாஸ்போர்ட் சிங்கப்பூர் போனபோதே எடுத்ததாம். இவர் என்னிடம், "நாலு பேரா போனா உனக்கும் துணைதானே" என்கிறார். நான் துணை கேட்டேனா?

பிப்ரவரி 4, ஞாயிறு

நான்கு பேரும் எங்கள் ஹாலில். தரையில் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு திசையாகச் சொன்னேன். வகுப்பு எடுப்பது போலத்தான் ஆகிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது எனக்கு?

"அண்ணி, வடக்குல மாதா கோயில் எதனா இருக்கா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல புஷ்பம். மலையும் கடலும்."

"தண்ணியப் பாக்க அம்மாந்தூரம் போவணுமா மச்சான்?" என்றார் சின்னப்பன் இவரிடம். "நம்ம கோவளத்துல இல்லாத தண்ணியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். என் வீட்டில், என் வரைபடத்தின் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு — இவரும்.

புஷ்பத்துக்கு முட்டி வலி தீர பிரான்சில் லூர்து மாதா கோயில். பிறகு ரோம். சின்னப்பனுக்கு ஸ்விஸ் பனி. வடக்கு போயிற்று.

பிப்ரவரி 11, ஞாயிறு

கிழக்கும் போயிற்று. டான்யூபுக்குப் பதில் பாரிசில் கூடுதலாக ஒரு நாள், கடை சுற்ற.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

மாமாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சை இன்று நானே எடுத்தேன். யாரும் எடுக்கிற மாதிரி இல்லை. இடுப்பு ஒடிந்ததிலிருந்து அவருக்கு வாக்கர்தான். சர்க்கரைக்கு ஊசி போட வேண்டும். மகனுக்குப் போன் போட்டேன். நாவலூரில் இருக்கிறான், நினைத்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். "நாங்க ரெண்டு பேருமே ஆபீஸ் போறோம்மா, தாத்தாவ எப்படிம்மா..." என்று இழுத்தான். பெற்றவள் என்பதால் அவனைத் திட்டாமல் போனை வைத்தேன்.

ஆள் வைக்கலாம் என்றேன். இவர் நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தார். "அப்பா உன் கையால தவிர வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டாரு அமலி" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. எனக்குப் பட்டம் கொடுப்பது போல.

புரிந்தது. இருந்தாலும் வாயால் வரட்டும் என்று கேட்டேன்: "அப்போ?"

அவர் சொல்லவில்லை. கோயிலிலிருந்து எங்களோடு வந்திருந்த புஷ்பம் சொன்னாள். "நீங்கதான் எல்லா ஊரையும் புக்குலயே பாத்துட்டீங்களே அண்ணி. எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

பிப்ரவரி 15, வியாழன்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாமலிருந்தால் நான் இறங்கி வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். எத்தனை வருஷப் பழக்கம்! சாயங்காலம் நானே கேட்டேன், "நீங்க போகாம இருக்கலாமே?" என்று.

"நான் போகலன்னா தங்கச்சி மனசு கஷ்டப்படும்."

என் மனசு? எனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? கேட்கவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 12, செவ்வாய்

விசா ஆபீசுக்குப் போகும் நாள். இன்னும் எனக்கு நம்பிக்கை இருந்தது. முதலில் விசாவை வாங்கிவிடுவோம், பிறகு ஆள் பார்க்கலாம் என்று புடவை கட்டித் தயாராக இருந்தேன். மாமாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. "நீ இரு அமலி, நீ வேற தேதி வாங்கிக்கலாம்" என்றார் இவர். வாசலில் கார் நின்றது. பின்சீட்டில் நான் உட்கார வேண்டிய இடத்தில் புஷ்பம் கைப்பையை வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கெல்லாம் மாமாவுக்கு வியர்த்துச் சூடு இறங்கிவிட்டது. வாழைக்காய் பஜ்ஜி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மூன்று பாஸ்போர்ட்டும் விசாவோடு வந்துவிட்டன. எனக்கு ஜூன் வரை தேதி இல்லை. "வீணாப் போயிடக் கூடாதேன்னு உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்" என்றார், நியூஸ் பேப்பரைப் புரட்டிக்கொண்டே.

மே 7, செவ்வாய்

போய்விட்டார்கள். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் நான்தான் கட்டிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? தெரியவில்லை. கை பாட்டுக்குச் செய்கிறது.

எங்கே இறங்க வேண்டும், எந்த ரயில், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்பது வரை எழுதியிருந்ததையும் இவர் எடுத்துக்கொண்டார். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. மாமாவுக்கு ஊசி போடும் நேரம்.

மே 12, ஞாயிறு

ரோமிலிருந்து போன். நேப்பிள்ஸுக்கு எந்த ரயில் என்று கேட்டார். சொன்னேன். எரிமலைக்குப் போகிறார்களாக்கும் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அங்கே லெதர் பை மலிவாம், அதற்காகப் போகிறார்கள். "எரிமலை?" என்றேன். "மாப்பிள்ளைக்கு ஏற முடியாதும்மா. அங்க ஸ்டேஷன்லேருந்தே தெரியுமாம், போட்டோ அனுப்பறேன்."

அனுப்பினார். ஒரு பஸ்ஸும் பாதி புஷ்பமும் இருந்தார்கள்.

மே 16, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மாமா இட்லியைத் தள்ளிவிட்டார். நான் தட்டை ஓசையோடு வைத்துவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம்!

"இன்னாத்துக்கு எம்மேல எரிஞ்சி வுழற? நானா உன்ன இங்க குந்தச் சொன்னேன்? நான்தான் அப்பவே சொன்னேனே, மூணு வாரம் என்னக் கோவளம் பக்கத்துல சிஸ்டருங்க நடத்துற ஹோம்ல வுட்ருங்கடான்னு. பொன்னுரங்கம் அங்கதான் கீறான். நிம்மதியா சீட்டு ஆடிகினு இருந்திருப்பேன்."

"யார்கிட்ட சொன்னீங்க மாமா?"

"உம் புருஷங்கிட்டதான். புஷ்பமும் இருந்தா. நீதான் ஒத்துக்க மாட்டேன்னுட்டியாமே."

நான் ஒத்துக்கொள்ளவில்லையாம். நான்!

பொன்னுரங்கம் மாமாவுடன் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கேரேஜ் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர். போன் போட்டுக் கேட்டேன். "இடம்லாம் கேட்டு வெச்சிருந்தேன்மா. அப்புறம் சாலமன் வேணாம்னுட்டாரு" என்றார்.

மே 18, சனி

லூர்திலிருந்து மூன்று முறை போன். எடுக்கவில்லை.

மே 28, செவ்வாய்

வந்துவிட்டார். சாக்லேட், மாதா சுரூபம், எனக்கு ஒரு ஸ்கார்ஃப். சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்து கேட்டேன். மறைக்கவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் நல்ல குணம், பிடிபட்டால் ஒத்துக்கொள்வார்.

"சொன்னாரு, ஆமா. பெத்த அப்பாவ ஹோம்ல தள்ளிட்டு ஊர் சுத்தப் போயிட்டாங்கன்னு பங்குக் கோயில்ல நாலு பேர் பேச மாட்டாங்களா?"

"பொண்டாட்டிய விட்டுட்டு ஊர் சுத்தப் போனாருன்னு பேச மாட்டாங்களா?"

உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதுக்கு யாரு பேசப் போறா அமலி?"

அவர் சொன்னது சரிதான். யாரும் பேசவில்லை. மூன்று ஞாயிறும் கோயிலில் என்னைப் பார்த்தவர்கள், "சார் நல்லா ஊர் பாக்கறாரா?" என்றுதான் கேட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

விசாவுக்கு எழுதிப் போட்டேன். வடக்கு மட்டும். நான் மட்டும். என் பணம்.

"தனியாவா? இந்த வயசுலயா? கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்கிறார். எனக்குத் தெரியாது. மாமாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். புஷ்பம் போனில் அழுதாள். அவளுக்கு இன்னும் முட்டி வலிக்கிறதாம்.

ஜூலை 25, வியாழன்

விசா கிடைத்துவிட்டது. வீட்டில் யாரும் என்னுடன் பேசுவதில்லை, மாமாவைத் தவிர. அவரும் குளிருக்கு மங்கி கேப் எடுத்துப் போ என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

படகில் இருந்து எழுதுகிறேன். மழைத் தூறல். நான் இத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்ததெல்லாம் தப்பு. சரிவாக வரைந்துவிட்டேன். மலை இப்படிச் சுவர் மாதிரி நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் என்று தெரியாது. மேலே எங்கிருந்தோ ஒரு அருவி விழுகிறது, சத்தம்கூட வந்து சேரவில்லை.

அழகாகத்தான் இருக்கிறது. பார்த்ததும் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல — அந்த அருவியைச் சரியாகப் பார்ப்பதற்குள் படகு திரும்பிவிட்டது.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும் என் புடவையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். என் வயதுதான் இருக்கும். அவர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"தனியாவாங்க வந்தீங்க? சார் வரலீங்களா?" என்று அந்தம்மா கேட்டாள்.

"இறந்துட்டாருங்க" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்டாள். மே மாதம் என்றேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவள் டப்பாவைத் திறந்து புளிச்சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள். பசியாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.