புள்ளிக் கோடுகள் இப்போது சரியாக நிற்கின்றன, நபீலா

என் செல்ல நபீலா,

நம் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உன் பெயர் முதலாவதாக வருகிறது. இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று இருந்தது.

ஆனால் இலேசில் நடக்கவில்லை. நீ டெங்குக் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்ச் சில மாதங்களில் கட்டுரை திரும்பி வந்தது. குறிஞ்சாக்கேணிக் களப்பு நீரின் உப்பை நாம் மாதாமாதம் அளந்தோமே, அந்த வரைபில்தான் சிக்கல். மாரி மாதத்துக்கு அட்டவணையில் இரண்டு என்று இருக்கிறது, படத்தில் பார்த்தால் பூச்சியம்போலத் தெரிகிறது, அளவீடே பிழையோ என்று கேட்டிருந்தார்கள்.

நம் ஆய்வை வழிநடத்தும் சேர் என்னைக் கூப்பிட்டார். "கோமதி, படத்தை எடுத்து விடுவம். கீறினவ இல்லை. இனி ஆரிட்டக் கேக்கிறது?"

"ஏலாது சேர். அவ அளக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான். அளவு பிழையில்லை."

"அப்ப படம் ஏன் அப்படிக் காட்டுது?"

படத்தை எடுத்தால் நீ வெயிலில் நின்றதற்கு என்ன அடையாளம் மிஞ்சும்? ஒரு கிழமை தவணை கேட்டேன்.

படம் கீற நீ எழுதிவைத்த கணினி நிரலைத் திறந்தேன். வளாகத்து யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. வரி வரியாக வாசித்தேன். அச்சில் இலக்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு குறிகளைப் பூச்சியத்திலிருந்து ஐந்தைந்தாக வைத்திருந்தாய். குறுக்கே ஓடும் புள்ளிக் கோடுகளையோ தனியாக, நாம் அளந்த மிகக் குறைந்த அளவான இரண்டிலிருந்து தொடங்கி, ஐந்தைந்தாகக் கீறியிருந்தாய். ஒரு கோடுகூடக் குறியோடு சேரவில்லை. அடிக்கோட்டைப் பார்க்கிறவர் அதைப் பூச்சியமென்றுதானே எடுப்பார்? அவசரத்தில் செய்தாயா, இல்லை குறைந்த அளவு கண்ணில் படட்டும் என்று நினைத்தாயா?

முதலில் குறிகளைக் கோடுகளுக்கு நகர்த்தினேன். அச்சில் இரண்டு, ஏழு, பன்னிரண்டு என்று வந்தது. நீ கண்டிருந்தால் சிரித்திருப்பாய். பிறகு தனிக் கோடுகளை அழித்துவிட்டு, குறி இருக்கிற இடத்திலிருந்தே புள்ளிக் கோடு ஓடட்டும் என்று ஒரே வரியில் எழுதினேன். எல்லாம் நேராக வந்து பொருந்தின. நீ கீறிய வளைகோடு மட்டும் இம்மியும் அசையவில்லை. இரண்டு இரண்டாகவே இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

சேர் படத்தை அட்டவணையோடு வைத்துப் பார்த்தார். "ஓம், சரியாத்தான் அளந்திருக்கிறா" என்றார். அன்றைக்கே திருத்திய படத்தோடு கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்.

நேற்று படத்தை அச்சடித்துக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். உன் உம்மா இஞ்சித் தேத்தண்ணி தந்துவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இதுதானா புள்ள அவள் கீறின படம்?"

வாசிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மாரி மாதத்தில் விரலை வைத்து, பக்கத்துப் புள்ளிக் கோட்டோடு போய் இலக்கத்தைத் தொட்டார்.

"அப்ப மழை பெஞ்சா உப்புக் குறையிது. இது எனக்கே தெரியுமே! இதுக்கா இவ்வளவு பாடுபட்டாள்?"

"எவ்வளவு குறையுது எண்டதுதான் உம்மா கேள்வி. அதைத்தான் அவ கண்டுபிடிச்சா."

உம்மா விரலை எடுக்கவில்லை. நீ களப்புக்குப் போகும்போதெல்லாம் உன்னை ஏசியது நினைவுக்கு வந்ததோ என்னவோ. பிறகு மெல்லக் கேட்டார்: "என்னையும் ஒருக்கா தோணியில கூட்டிட்டுப் போறியா? அவள் தண்ணி அள்ளின இடத்தப் பாக்கணும்."

வருகிற சனிக்கிழமை போகிறோம் நபீலா. வெயில் ஏற முன்னம் கிளம்பி, தோணியில் நீ வழக்கமாக இருக்கும் பக்கத்திலேயே உம்மாவை இருத்துவேன். இந்த மாத அளவை அவர் கையாலேயே எடுக்க வைப்பேன். பத்திரமாகக் கூட்டிவருவேன், நீ பயப்படாதே.

உன் உம்மாவுக்கு இன்னொரு மகளாகிப்போன,
கோமதி
சல்லி