இருவருக்கு ஒரு வரி

ஜூன் 8, செவ்வாய்

எங்கள் விவசாயக் கூட்டுறவு சில கால்நடை மருத்துவமனைகளையும் தீவனக் கடைகளையும் வாங்கி எட்டு மாதம். மூன்று கணினிகளில் சிதறிக் கிடக்கும் வாடிக்கையாளர்களை ஒரே பட்டியலாக்கும் வேலை என் தலையில். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறார். கடைக்காரர்கள் பெயரை முழுதாக எழுதினால் கை தேய்ந்துவிடுமா? இன்று நாற்பது பேரைச் சேர்த்தேன்.

ஜூன் 9, புதன்

கைப்பேசியில் செய்தி: "உங்கள் நாய் ஜெட்டின் கழுத்துக் கட்டியைப் பார்க்க நாளை காலை 10:20. கோர் கால்நடை மருத்துவமனை."

என்னிடம் நாய் கிடையாது. மீன்கூடக் கிடையாது.

நானும் கூட்டுறவில் உறுப்பினர்தான்; பட்டியலில் என் வரியைத் திறந்தேன். என். ஹேகார்ட். பிறந்த தேதி, ரிவர்டனில் அப்பா வீட்டு முகவரி எல்லாம் பொருந்தியதால் கணினி இரண்டு பேரை ஒருத்தி என்று முடிவு செய்திருக்கிறது. கடைசியாகப் பதிந்த எண்தான் நிற்கும் என்பது நான் போட்ட விதி. அதனால் என் எண் நின்றுவிட்டது.

நெரிடா. என்னோடு பிறந்தவள், ஏழு நிமிடம் இளையவள். ஒன்பது வருடமாக எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை — கோரில் இருக்கிறாள்! நான் இருக்கும் இன்வர்கார்கில்லிலிருந்து காரில் ஐம்பது நிமிடம்.

அப்பா வீடு கைமாறி எட்டு வருடம். அவளும் அந்த விலாசத்தை மாற்றவில்லை. நானும்தான்.

ஜூன் 10, வியாழன்

கோர் போகும் வழியில் மாட்டாரா வரை காரை ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பிவிட்டேன்.

ஜூன் 14, திங்கள்

எங்கள் குழுத் தலைவன் டிப்பனே என் மேசைக்கு வந்தான். "என்ன நோலின், உன் பேரே இன்னும் சரிபாக்காம சிவப்புல நிக்குது? ஊரையே சரி பண்ணிட்டு உன்ன மட்டும் விட்டுட்டியா?"

பார்க்கிறேன் என்றேன். "வேறு ஆள்" என்று ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. கை போகவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேனே — "உசுரோட இருந்தப்ப வராதவளுக்கு இப்ப என்னடி வேலை?" அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்திருப்பது இந்த ஒரு வரியில்தான்.

அவள் கொடுத்த எண் கீழே சாம்பல் நிறத்தில் தெரிகிறது. அதை எடுத்துக் கூப்பிட்டால் வேலை போகும். போகவும் வேண்டும். அவள் அதைக் கொடுத்தது நாய்க்காக, எனக்காக இல்லை. ஆனாலும் அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. திட்டினாலும் சரி.

ஜூன் 17, வியாழன்

மருத்துவமனையிலிருந்து ஒரு பெண். "ஜெட்டோட ரிசல்ட் வந்துடுச்சுங்க. மாசக் கடைசிக்குள்ள கட்டிய எடுத்தாகணும். மூணு நாளா கூப்பிடறோம், எடுக்கவே மாட்டேங்கிறீங்க!"

தெரியாத எண் என்று நான்தான் எடுக்கவில்லை. அங்கே அவள் இந்த அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பாள். என்ன மனுஷி நான்? என் ஏக்கத்துக்கு அவ நாயா பலி?

"தப்பு எங்களோடதும்மா. அஞ்சு நிமிஷத்துல சரியான நம்பர் உங்க திரையில வரும்" என்றேன்.

அழுத்தினேன். வரி இரண்டானது. பிரித்தால் இருவருக்கும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் தானாகப் போகும்: உங்கள் விவரம் தவறுதலாக இன்னொருவருடையதோடு சேர்ந்துவிட்டது, வருந்துகிறோம். கீழே பிரித்தவர் பெயரும் எண்ணும் இருக்கும். டிப்பனேயை அழுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 24, வியாழன்

கடிதம் போய் ஒரு வாரம். ஒன்றுமில்லை.

ஜூன் 29, செவ்வாய்

மதியம் மறுபடியும் அதே பெண். "ஜெட்டுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுங்க. நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அந்த நம்பர பிரிச்சு ரெண்டு வாரமாகப் போகுதும்மா! இன்னுமா என்னையே கூப்பிடறீங்க?"

"தெரியுங்க. இது காலையில நெரிடா அவங்க கைப்பட எழுதிக் குடுத்தது. வேலை முடிய ஆறு மணி ஆகுமாம். அதுக்குள்ள நாய் தயாராயிட்டா அக்காவக் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. அவங்க வர்ற வரைக்கும் நீங்க வச்சிருப்பீங்களாமே?"

வச்சிருப்பேன் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

டிப்பனேயிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். பெரிய நாயாம். பின்சீட்டில் போர்வை விரித்திருக்கிறேன்.