வாரிய அணிக்கு எத்தனை?

ஆகஸ்ட் 3

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. வேறெப்படி அழைப்பதென்று தெரியாமல் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன். விவாகரத்தாகி நாலு வருடம் கழித்து மாமனாரிடமிருந்து கடிதமா என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓர் உதவி கேட்கத்தான்.

தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் என்னை இங்கே கூட்டிவந்து ஐந்து மாதம் ஆகிறது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் குறையில்லை. நாலாவது மாடி. லிஃப்ட் வாரத்துக்கு ரெண்டு தடவை நின்றுவிடுகிறது. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனை யாரும் தொடவும் விடுவதில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போவேன் என்பது உனக்குத் தெரியும். குடிநீர் வாரிய அணியின் கால்பந்தாட்டம். பைப் ஃபிட்டர்களும் மீட்டர் ரீடிங் எடுப்பவர்களும் சேர்ந்து ஆடும் அணி. பத்து அணி உள்ள லீகில் எப்போதும் எட்டாவது, ஒன்பதாவது. இந்த வருடம் கடைசியில் முடித்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த ஊர்ப் பத்திரிகை அதையெல்லாம் சீண்டுவதில்லை. என்னோடு காலரியில் உட்கார்ந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

உன் வீடு மைதானத்துக்கு எதிர்த் தெருவில்தானே. ஆட்டம் முடிந்து வெளியே வருகிறவர் யாரிடமாவது ‘வாரிய அணிக்கு எத்தனை?’ என்று கேட்டு, ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும். போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். கீழே இருக்கும் மருந்துக் கடையின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

முடியாதென்றாலும் வருத்தமில்லை.

இப்படிக்கு,
மாமா


ஆகஸ்ட் 18

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, கிழவர் கேட்டது ஒரு ஸ்கோர்தானே என்று தோன்றியது.

பத்தாம் தேதி மைதானத்து வாசலில் போய் நின்றேன். வெளியே வந்த ஒருவரிடம் கேட்டேன். “நாலு சைபர்” என்றார். “யாருக்கு நாலு?” என்றேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “நீங்க ஊருக்குப் புதுசா?” என்றார்.

அந்தக் கோபத்தில் நேற்று டிக்கெட் எடுத்து உள்ளேயே போய்விட்டேன். நீலச் சட்டை வாரியம், மஞ்சள் சட்டை துறைமுக அணி. வாரியத்துக்குப் பூஜ்யம், துறைமுகத்துக்கு மூன்று. அதில் ஒன்று நம் ஆளே நம் கோலுக்குள் அடித்தது. அப்படியும் நடக்குமா? பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். பஸ் கண்டக்டராம். “நம்ம டீம்ல நடக்கும்” என்றாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மூன்று கோல் வாங்கிய பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்?

நான் சௌகரியம். அதே பல் ஆஸ்பத்திரி, அதே பல்செட் வேலை.

இப்படிக்கு,
பல்லுக்காரி
(நீங்கள் வைத்த பெயர்தான். மறந்திருக்க மாட்டீர்கள்.)


ஆகஸ்ட் 25

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

உன் கடிதத்தை மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். கடைக்காரர், “யார் சார், காதல் கடிதமா?” என்றார். “பூஜ்யத்துக்கு மூணு” என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தன் கோலுக்குள் அடித்தவன் யார்? இடது பக்கம் ஆடுகிறவனா, கொஞ்சம் வளைந்த காலா? அவன் வால்வு திறக்கும் வேலை பார்க்கிறான், நல்ல பையன். கோலில் நெட்டையன்தானே? கார்னர் வந்தால் அவன் வெளியே ஓடி வருகிறானா, கோட்டிலேயே நின்றுவிடுகிறானா? அதை மட்டும் பார்த்து எழுது.

ஏன் எழுந்து போவதில்லை என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. நான் ஒருநாள் பாதியில் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் நின்று அங்கிருந்து கேட்ட சத்தத்துக்கெல்லாம் தவித்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பதே மேல்.

இப்படிக்கு,
மாமா


அக்டோபர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். ரெண்டு–ஒன்று. மின்சார இலாகா அணியை. தொண்டை கட்டிப்போய், இன்று டாக்டரிடம் சைகையில்தான் பேசுகிறேன். “வீட்டுல சண்டையா?” என்றார். தனியாக இருக்கிறவள் யாரோடு சண்டை போடுவது?

ஆஃப்சைடு புரிந்துவிட்டது. கண்டக்டரம்மா சொல்லிக்கொடுத்தாள். “பஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே போய் சீட்டுல துண்டு போட்டு உக்காரக் கூடாது. பஸ் கிளம்பினதும் ஓடி வந்து ஏறணும். அவ்வளவுதான்.” இப்போது லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குமுன் நான் கையைத் தூக்குகிறேன்.

பெரிய செய்தி இனிமேல்தான். இரண்டு வாரத்துக்கு முன் நெட்டையன் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் மோதி முன்பல் ஒன்றை உடைத்துக்கொண்டான் என்று எழுதினேன் அல்லவா? மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தான். பல் செய்தது நான். ரொம்ப வெள்ளையாக வேண்டாம், மற்ற பல்லெல்லாம் மீட்டர் ரீடிங் எடுத்து வெயிலில் பழுத்தவை என்றான். “கார்னர் வந்தா ஏன் கோட்டுலயே நிக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன். வாய்க்குள் அச்சு மாவு இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. நேற்று மூன்று கார்னருக்கும் வெளியே ஓடி வந்தான். இரண்டைப் பிடித்தான்.

ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது, மாமா. நாலு வருடமாக எனக்கு அப்படி இருந்ததில்லை.

இப்படிக்கு,
பல்லுக்காரி


நவம்பர் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நீ போன வாரம் எழுதிய கடிதத்தை மருந்துக் கடைக்காரர் என் மகனிடமே கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

“அவ எதுக்கு உங்களுக்கு எழுதறா? நம்ம வீட்டைப் பத்தி விசாரிக்கிறாளா?” என்று கேட்டான். “நீயே படி” என்றேன். படித்தான். நெட்டையன், பெனால்டி, மழையில் தேங்கிய தண்ணீர். அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அதுதான் சுட்டிருக்கிறது.

இனி நீ எழுதினால் வீட்டு விலாசத்துக்கே எழுதலாம். ஆனால் அதற்கு முன் நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் உன் கடிதங்களை வாங்கிக்கொள்ளக் கை கூசுகிறது.

நீங்கள் பிரிவதற்கு ஆறு மாதம் முன்பு, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். கதவை நெம்பித் திறந்தேன். உள்ளே என் மகன். கூட, இப்போது அவன் மனைவியாக இருக்கும் பெண். அவன் கை அவள் தோள்மேல் இருந்தது. இரண்டு பேரையும் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டேன். வேலை முடிந்ததென்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து பேசிய அன்று, அப்படி யாருமே இல்லை, உனக்குச் சந்தேக புத்தி என்று அவன் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை, நாளைக்கு அவன் கையில்தானே சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறேன். அந்தப் பெண்ணும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அது வேறு கஷ்டம்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான். கடைசி ஆட்டம் முப்பதாம் தேதி. அதன் ஸ்கோரை எழுத மனம் இல்லையென்றால் எழுத வேண்டாம்.

மாமா


டிசம்பர் 11

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையில் இருக்கும்போது படித்தேன். படித்து முடிப்பதற்குள் பல் அச்சுக்காகக் கிண்ணத்தில் கரைத்த மாவு கல்லாக இறுகிவிட்டது.

பரவாயில்லை என்று எழுத மூன்று வாரமாக முயன்றேன். வரவில்லை. அன்று ஹாலில் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் பொய் சொல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்பதால், தப்பு என் புத்தியில்தான் போலிருக்கிறது என்று நானே நம்ப ஆரம்பித்தேன். என் அக்கா என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் போனேன், மாமா. மாத்திரை சாப்பிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி அக்காவை வரச்சொல்லி உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். “நான் உன்னை நம்பலையேடி” என்றாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக அன்று என் வீட்டில் சாப்பிட்டாள். பாத்திரத்தையும் அவளே கழுவினாள். ஐந்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய கடிதம் அது. இருந்தாலும் வந்தது.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இனி ஆட்டம்.

முப்பதாம் தேதி, வங்கி அணியோடு. டிரா செய்தால் தப்பித்துவிடலாம். எட்டாவது நிமிடத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள், ஃப்ரீ கிக். நெட்டையன் இடது பக்கம் பாய்ந்தான், பந்து வலது பக்கம் போனது. இடைவேளைக்கு முன் நம் வால்வுக்காரன் பாதி மைதானம் ஓடி வந்து சமன் செய்தான். ஆமாம், அதே வளைந்த கால்தான். என்னோடு வந்திருந்த அக்கா, எந்தச் சட்டை நம்முடையது என்றுகூடக் கேட்காமல் எழுந்து கத்தினாள். எண்பத்தாறாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் கார்னர். நெட்டையன் வெளியே ஓடி வந்தான். விரலில் பட்டது, பிடி கிடைக்கவில்லை. அவர்கள் தலையால் தட்டிவிட்டார்கள்.

இரண்டு–ஒன்று. கீழே போய்விட்டோம்.

அவன் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. காலரியில் யாரும் நகரவில்லை. கண்டக்டரம்மா, “கோட்டுலயே நின்னிருந்தா மட்டும் பிடிச்சிருப்பானா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கீழ் டிவிஷனில் ஆட்டங்கள் சனிக்கிழமையாம். ஆஸ்பத்திரி அன்றைக்கு அரை நாள்தான்.

பல்லுக்காரி