எனக்கும் சாமுக்கும் ஒரு சனிக்கிழமை

7 ஜூன் 2025, சனி

முதல் சனிக்கிழமை. கோர்ட்டில் அப்பாவைப் பார்க்கும் நாள். பதினொன்று முதல் ஒன்று வரை குழந்தைகள் அறையில் அப்பாவும் நானும். அம்மா வெளியே மரத்தடியில். போன் உள்ளே கூடாது, வாசலில் கொடுத்துவிட வேண்டும். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி. நாற்காலி என் முழங்கால் உயரம்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை போலும்.

சாம் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லா கீறான். மூணாவது போறான். முன்னாடி பல்லு ஒண்ணு வுழுந்துச்சு."

மேல் பல்லா, கீழ்ப் பல்லா? அப்பாவுக்கு நினைவில்லை.

தம்பியைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. பொங்கல் விடுமுறைக்கு அப்பா அவனைக் கருங்குழிக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். திருப்பி அனுப்பவில்லை. பிறகு வழக்கு. அது முடியும்வரை அவன் அப்பாவோடு, நான் அம்மாவோடு.

8 ஜூன், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். மூன்றாம் சனிக்கிழமை நீ சாமைப் பார்க்கப் போவாய் அல்லவா, நானும் வரட்டுமா?

"ஆர்டர்ல இன்னா போட்டுகீதோ அத்த மட்டும் செய்னு வக்கீல் சொல்லிகீறாரு. உன்ன இட்டுகினு போனா உங்கப்பா பேசிப் பேசி உன்னையும் இழுத்துகினு பூடுவாரு. அப்பால நான் இன்னா பண்றது?"

அப்பாவின் வக்கீலும் சாமை அழைத்து வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். இரண்டு பேரும் எங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், ஆளுக்கொரு பக்கம்.

10 ஜூன், செவ்வாய்

அம்மா ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போனதும் பெட்டியிலிருந்து உத்தரவு நகலை எடுத்தேன். ஆங்கிலம். அகராதியோடு உட்கார்ந்தும் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அப்பா என்னைப் பார்க்கலாம். அம்மா சாமைப் பார்க்கலாம். நானும் சாமும் பார்த்துக்கொள்ளலாம் என்று இல்லை. கூடாது என்றும் இல்லை. இரண்டு வக்கீல்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தது, இரு தரப்பும் சம்மதம் என்று கடைசியில் இருக்கிறது.

வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டார்கள். மறந்திருக்கிறார்கள். எது மோசம்?

14 ஜூன், சனி

நீதிபதிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்து, நாலாவதுதான் சரியாக வந்தது. பொருள்: தம்பியைச் சந்திக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக. தபால் நிலையத்தில் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

21 ஜூன், சனி

எனக்குச் சிறப்பு வகுப்பு. அம்மா சாமைப் பார்த்துவிட்டு வந்தாள். அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டானாம். ஸ்கூல் என்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமையுமா என்றானாம்.

விழுந்தது கீழ்ப் பல்.

25 ஜூன், புதன்

என்னைப் போல முட்டாள் உண்டா?

தமிழ்த் தேர்வுத் தாள் வந்தது. கடிதம், ஐந்துக்கு ஐந்து. அனுப்புநர்: அ அ அ. தேர்வில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது, அ அ அ என்றுதான் போட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து கைக்குப் பழகிவிட்டது. நீதிபதிக்கும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்! உள்ளேயும் "என் தம்பி" என்றுதான். அவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, வழக்கு எண் இல்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கீர்த்தனாவிடம் சொன்னேன். பெஞ்சில் தலையை வைத்துச் சிரித்தாள். "ஜட்ஜும் அஞ்சு மார்க் போட்டு அனுப்புவாங்க, வுடு."

இனித் தபால் வேண்டாம். முதல் சனிக்கிழமை கோர்ட்டில் நேரிலேயே கொடுப்பேன். பெயரோடு.

5 ஜூலை, சனி

குழந்தைகள் அறை வாசலில் கையெழுத்துப் போட வரிசை. ஆலோசகர் பிரபாவதி மேடம் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் தலை நிமிரவே மாட்டார்.

எங்கள் முறை வந்தது. வேறு பிள்ளை உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். ஒரு பையன் என்றாள்.

"ரெண்டு பேரும் எப்ப பாத்துக்கறாங்க?"

நான் புதுக் கடிதத்தை நீட்டினேன். எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீதானா அந்த அ அ அ? யாருன்னு கண்டுபிடிங்கன்னு ஜட்ஜம்மா உன் லெட்டர எங்கிட்ட குடுத்தாங்க. பேர் போட்டிருந்தா உன் ஃபைல மட்டும் எடுத்து முடிச்சிருப்பேன். ஒரு வாரமா அலமாரி அலமாரியா தேட வச்சிட்டியேம்மா."

தேடியதில் எங்களைப் போல ஒன்பது குடும்பங்கள் கிடைத்தனவாம். ஒன்றில் ஆறு வயது இரட்டைப் பெண்கள்.

"இத்தன வருஷத்துல நானும் இத கேட்டதில்ல" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு, "என்னான்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள்.

அன்றைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேனே அம்மா, என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் என் கையை விடவில்லை.

17 ஜூலை, வியாழன்

என் கடிதத்தை விசாரிக்கும் நாள். நீதிபதி அம்மா முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பார் என்ற பயத்தோடு போனேன். கேட்கவில்லை. தம்பியோடு என்ன விளையாடுவாய் என்றுதான் கேட்டார். சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து, முடிக்கும்வரை காத்திருந்தார்.

பிறகு, என்னை வைத்துக்கொண்டே, அப்பாவையும் அம்மாவையும். பிள்ளைகளைச் சந்திக்க விடுவதில் உங்களுக்கு என்ன பயம் என்று கேட்டார். "ரெண்டு பேரையும் அவ வச்சிக்குவாளோன்னுதாம்மா" என்றார் அப்பா. அம்மா அவரையே பார்த்தாள். அவள் சொல்ல இருந்ததும் அதுதான்.

இனி இரண்டு சனிக்கிழமையும் நாங்கள் இருவரும் வர வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் எங்கள் வீட்டுக்கு, ஒரு ஞாயிறு நான் கருங்குழிக்கு. சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பிலிருந்து எனக்கு விலக்குக் கேட்டுப் பள்ளிக்கும் கடிதம் தருகிறார்கள்.

வழக்கு முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் தனித்தனி பஸ்ஸில்தான் போனார்கள்.

வெளியே வரும்போது பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்டுப் பெற்றோர் நிரப்பும் விண்ணப்பத் தாளைப் பிரபாவதி மேடம் காட்டினார். அச்சடித்த வரிகளுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி: உடன்பிறந்தோர் சந்திக்கும் நாள். அதையே நகலெடுத்து அடுக்கி வைத்திருக்கிறார். அச்சில் வர மேலே எழுதிக் கேட்டிருக்கிறாராம்.

19 ஜூலை, சனி

சாம் வந்தான். என் செருப்பின்மேல் தன் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

28 செப்டம்பர், ஞாயிறு

சாம் காலையிலேயே வந்துவிட்டான். எனக்குத் தெரியாமல் என் நூலகப் புத்தகத்தைக் கடற்கரைக்கு எடுத்துப்போய் நண்டு வளையை மூடியிருக்கிறான். நூற்றைம்பது பக்கமும் நனைந்து அப்பளம் போல் ஆகிவிட்டது. நூலகருக்கு நான் என்ன பதில் சொல்வது? கிள்ளிவிட்டேன். அவன் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னான்.

"ரெண்டும் ஒண்ணா சேந்தா இதே பேஜாரு" என்று அம்மா எங்கள் இருவரையும் திட்டினாள்.

சாம் மூலையில் உட்கார்ந்து, இனிமேல் உன்கூடப் பேசமாட்டேன் என்றான். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"சனிக்கெழம வரைக்கும்."