உன் இடத்தில் சுதன் நின்றான்

என் செல்லத் தம்பி நிரோவுக்கு,

அக்காவுக்குக் கலியாணம் முடிந்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். கையில் போட்ட மருதாணி இன்னும் முழுதாகப் போகவில்லை. ஜெயபுரத்தில் உன் ரவியண்ணை வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அவர் நெல் வெட்டும் மெசினோடு காலையிலேயே வயலுக்குப் போய்விட்டார்.

இனி அவர் உனக்கு அத்தான். நீதானே அவரை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்தாய்? எங்கள் தர்மபுரம் வயலில் மெசின் பழுதாகி நின்ற அன்று, குசினி வாசலில் நின்று "அண்ணைக்குச் சாப்பாடு போடக்கா" என்று கத்தினாய். ஒரு நேரம் போட்ட சோறு, இப்போது ஆயுள் முழுக்கப் போடவேண்டியதாகிவிட்டது. மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம் என்று அப்பா முகத்தைத் தூக்கியபோது, அவரோடு மல்லுக்கட்டியவனும் நீதான். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னேனா? ஞாபகமே இல்லை.

கலியாணம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கூறைச்சேலை சரியான பாரம். படம் பிடித்தவர் என்னைத் தென்னைமரத்தில் சாய்த்து வைத்து, வெட்கப்படச் சொல்லி அரை மணித்தியாலம் பாடாய்ப் படுத்தினார். எனக்கு வெட்கம் வரவில்லை, பசிதான் வந்தது. நீ பக்கத்தில் நின்றிருந்தால் எத்தனை பகிடி விட்டிருப்பாய்!

ஆனால் நாள் குறித்த அன்றிலிருந்தே எனக்கு ஒரே யோசனை. தோழனாக யார் நிற்பது? வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன் பெண்ணின் தம்பி. அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். அந்த மோதிரத்துக்காகத்தான் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாய் என்று உன்னை எத்தனை தரம் சீண்டியிருப்பேன்.

"சுதனை நிப்பாட்டுவம் பிள்ளை. பெரியம்மாவின்ரை மகன், அவனும் உனக்குத் தம்பிதானே" என்றா அம்மா.

"அவன் வேண்டாம். நிரோவோடை கதைபேச்சு இல்லாமல் இருந்தவன். ஆரும் நிக்கத் தேவையில்லை."

ஒற்றைக்காலில் நின்றேன். எங்கள் ஊர் கரப்பந்து அணியை விட்டுவிட்டு, இறுதி ஆட்டத்தில் அவன் பளை அணிக்கு விளையாடினான் என்றுதானே நீங்கள் இரண்டுபேரும் கோபித்துக்கொண்டீர்கள்? அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அது வெறும் சாட்டு என்று உனக்குத் தெரியும்.

டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த மூன்றாம் நாள், என் கையைப் பிடித்து, "சுதனுக்குப் போனிலை ஒரு கோல் எடனக்கா. ஒருக்கா வந்திட்டுப் போகட்டும்" என்றாய். "இப்ப என்ன அவசரம்? வீட்டை போனாப் பிறகு ரெண்டுபேரும் இருந்து கதையுங்கோவன்" என்றேன். உன் சார்பில் நான் அவனோடு கோபமாக இருந்தேன். நீ வீட்டுக்கு வருவாய் என்றும் நம்பினேன். அடுத்த நாள் நீ இல்லை.

செத்தவீட்டில் அவன் என் முன்னால் வந்து நின்று, "அக்கா, அவன் என்னைப் பற்றி ஏதும் கேட்டவனோ?" என்றான். நான் "இல்லை" என்றேன். இரண்டு வருடமாக அந்தப் பொய்யோடுதான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். அவனைத் தோழனாக நிற்பாட்ட எனக்கு ஏன் பயமாக இருந்தது என்று இப்போது விளங்குகிறதா?

தோழன் இல்லாமல் மாப்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்று அம்மா பிடித்த பிடியில் நின்றா. கடைசியில் சுதன்தான் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு செம்போடு வாசலில் நின்றான். மணப்பெண் அறையின் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன்.

அங்கேதான் உன் அத்தான் கூத்துக்காட்டினார். அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. தோழனுக்கு மரியாதை செய்து மோதிரம் போடவேண்டும் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் ஒரு கிழமைக்கு முன்பே பாடம் நடத்தியிருப்பாய். காலைக் கழுவுவதும் தன் வேலைதான் என்று நினைத்து, மனுசன் சுதனின் கையில் இருந்த செம்பை வாங்கிக் குனிந்து, அவன் காலில் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவத் தொடங்கிவிட்டார்!

"ஐயோ தம்பி, மாறிப்போச்சு!" என்று அப்பா கத்தினார். "எம் புள்ள மாத்திப் பண்ணிட்டானே!" என்று மாமி தலையில் கைவைத்தா. சனம் எல்லாம் சிரித்தது. நீ போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுதன் மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் காலோடு நின்றவன் விம்மிவிட்டான். அவன் சொன்னது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. "அண்ணை, இந்த மரியாதை எனக்கில்லை. அவன் என்னைக் கடைசிமட்டும் மன்னிக்கேல்லை. நான் அவன்ரை இடத்திலை நிக்கிறதே பிழை."

அந்த வீடியோத் துண்டை எத்தனை தரம் போட்டுப் பார்த்துவிட்டேன். தாலி ஏறிய நேரம்கூட எனக்கு அந்தளவு மனதில் நிற்கவில்லை. என் கலியாணத்தன்று எல்லாரும் சந்தோசமாக இருந்தார்கள் நிரோ, என் பொய்யைச் சுமந்துகொண்டு நின்ற ஒருவனைத் தவிர. அவன்மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ரவியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "அவன்கிட்டச் சொல்லு வதனி. என்கிட்டச் சொல்லி என்ன?" என்றார். நீ எனக்குப் பார்த்துத் தந்த மாப்பிள்ளை நல்லவர்தான்.

இன்றைக்குப் பின்னேரம் அம்மா செய்த பலகாரத்தோடு சுதன் இங்கே வருகிறான். வந்தவுடனேயே சொல்லிவிடுவேன். தேத்தண்ணி ஊற்றப் போனால் கதை வேறு பக்கம் போய்விடும், என் தைரியமும் போய்விடும். "நிரோ உன்னைக் கூப்பிட்டவன். நான்தான் உனக்குச் சொல்லேல்லை." இவ்வளவுதான், நிரோ. இந்த இரண்டு வசனத்துக்கு எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அவன் திட்டினால் திட்டட்டும். பலகாரத்தை வைத்துவிட்டு எழும்பிப் போனாலும் போகட்டும். நீ அவனோடு கோபமில்லாமல்தான் போனாய் என்று தெரிந்துகொண்டு போவான்.

வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. அவன்தான். நான் போகிறேன்.

நீ அன்றைக்குக் கேட்ட கோலை இன்றைக்கு எடுக்கும்,
உன் அக்கா
வதனி