சுரண்டைக்கு இரண்டு வழி

இன்று தென்காசி அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே மார்க்கர் பேனாவின் காட்டமான வாசனை. பழைய டைரக்டரி சர்வர்களை மாற்றுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த பொறியாளர் வெள்ளைப் பலகையில் நான்கு வட்டங்கள் போட்டுவிட்டு, எதை எதோடு இணைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நீ நின்ற அதே இடம். வெளியே வந்துவிட்டேன்.

அன்று இந்தச் சர்வர்களை அமைக்கும்போது நீ எனக்கு விளக்கியது நினைவிருக்கிறது. நம் பத்திரிகையின் நான்கு அலுவலகங்களிலும், ஊழியர்களின் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய சர்வர் ஒவ்வொன்று இருக்கும். ஓரிடத்தில் மாறியது மற்ற இடங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். யார் யாருக்குச் சொல்வது என்பதுதான் கேள்வி. எல்லாம் தென்காசி வழியாகவே போகட்டும், பார்த்துக்கொள்ளச் சுலபம் என்றார் மேலாளர். நீ விடவில்லை.

"தென்காசி படுத்துட்டா மத்த மூணும் ஒண்ணுக்கொண்ணு பேசாது அண்ணாச்சி. பக்கத்துப் பக்கத்துல கோத்து வளையமா விட்டுருவோம்."

தென்காசி, சுரண்டை, வீரகேரளம்புதூர், குற்றாலம், மறுபடி தென்காசி என்று கோடு இழுத்தாய். அந்தச் சீசனில் நான் சுரண்டையில் கடவுச்சொல்லை மாற்றிய கையோடு, அருவியில் வெள்ளம் என்று செய்தி எடுக்கக் குற்றாலத்துக்கு ஓடினேன். தென்காசி சர்வர் விழுந்து கிடந்தது. ஆனாலும் குற்றாலத்துக் கணினி புதிய கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. உன்னைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எப்படிலே உள்ள விட்டுது?"

"புதூர் வழியா சுத்தி வந்துருக்கும்லா. ஒனக்குத்தான் ஒரே வழி தெரியும். அதுக்கு ரெண்டு தெரியும்."

நீ கண்ணை மூடியது தை மாதம். நம் மூன்று நண்பர்களில் மூன்றாமவன் இசக்கிமுத்து, சுரண்டை நிருபராக இருந்து ஓய்வுபெற்றவன். அவனுக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்து வீடு திரும்பிவிட்ட சேதியே எனக்கு இன்றுதான், அதுவும் பேருந்து நிலையத்தில் யாரோ சொல்லித் தெரிந்தது. அவன் சேதி எனக்கும் என் சேதி அவனுக்கும் எப்போதும் உன் வாயால்தான் வந்தன. வளையத்துக்காக மேலாளரிடம் மல்லுக்கு நின்றவன், எங்கள் இருவருக்கும் நடுவில் நீயே தென்காசியாக இருந்திருக்கிறாய். எங்களுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது.

அவன் எண்கூட என்னிடம் இல்லை. அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன்.

"யாரு பேசுதது?"

பெயரைச் சொன்னேன்.

"நீயாலே! ஆசுபத்திரில கெடக்கும்போது நெனச்சேன், அவன் இருந்தா இன்னேரம் ஒனக்குச் சொல்லியிருப்பான்னு."

"நீயே சொல்லியிருக்கலாம்லா?"

"ஒன் நம்பர் எங்கிட்ட எங்கலே இருக்கு?"

உன்னைப் பற்றிப் பேசினோம். பேசி முடிந்ததும் எங்களுக்கு வேறு பேச்சு கிடைக்கவில்லை. ஆனாலும் இருவருமே போனை வைக்கவில்லை. கடைசியில் அவன்தான் கேட்டான்:

"அங்கன சாரலா?"

"ஆமா."

"இங்கன வெறும் காத்துதான்."

சுரண்டையிலிருந்து, உன் வழியாக வராமல், நேராக என்னிடம் வந்த முதல் சேதி அது.