தபால்தலைச் சங்கத்து ஆல்பம்

திருப்பூர்
21-10-1963

சௌபாக்கியவதி மகள் சுப்புலட்சுமிக்கு அப்பா நாச்சிமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சிவன்மலையான் துணை. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை கண்ணு.

தம்பி கந்தப்பன் நம்மை விட்டுப் போன தந்தி பார்த்து நீ எழுதின கடிதமும், அதற்கு ஒரு மாதம் முன்னால் அவனுக்கென்று தபால்தலைகள் வைத்துக் கப்பலில் போட்ட கவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஒன்றில் அழுதிருக்கிறாய். இன்னொன்றில் புலிப் படம் போட்ட தபால்தலை தம்பிக்குப் பிடித்ததா என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு ஊட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஒன்றும் மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். விஷக்காய்ச்சல்தான், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம், வைத்தியத்தில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காய்ச்சலுக்கு முன்னால் நடந்த ஒன்றை உனக்கு நான் எழுதவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

அவன் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்களுக்கு நாடகம், தோட்டம், புத்தகம் கட்டுவது என்று ஆளுக்கொரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இவன் தபால்தலைச் சங்கத்தில் சேர்ந்திருந்தான். படிப்பைக் கெடுக்கிற வேலை என்று நான் காதிலேயே வாங்கவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி துணி வெட்டுகிற மேஜையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, உங்க பையன் நம்ம குப்பைக்கூடையைக் கிளறிட்டு இருக்கிறானுங்க மாஸ்டர், நல்லாவா இருக்குது என்றார். தையல் மிஷின்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊசி விற்கிற ஜெர்மனிக் கம்பெனியின் கிழிந்த கவர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இவன் வாசலில் நிற்கிறான். எனக்கு மானம் போய்விட்டது. ஊட்டுக்கு இழுத்து வந்து அடித்தேன். அவன் பைக்குள் இருந்த ஆல்பத்தை எடுத்தபோது, அது என்னுதில்லீங்கப்பா, என்னுதில்லீங்க என்று கையைப் பிடித்தான். அப்படியானால் திருடிக்கொண்டு வந்ததா என்று நினைத்து இன்னும் இரண்டு அடி அடித்து, ஆல்பத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மா எடுக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. அதன்பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நேரம் கழித்து வருவான், கேட்டால் ஸ்பெஷல் கிளாஸுங்க என்பான். பையன் திருந்திவிட்டான் என்று நான் கம்பெனியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ அனுப்பின தலைகளை ஊட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். சங்கத்தை நடத்துகிற ஆத்தப்பன் வாத்தியார் எழுந்து நின்று கும்பிட்டார். இருபது பையன்கள் இருந்தார்கள். கந்தப்பன் உங்கள் சங்கத்துப் பையன், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாத்தியாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாலயே அவனைச் சங்கத்தில இருந்து எடுத்துட்டமுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா என்றார். நோட்டை எடுத்துக் காட்டினார். ஆறு வருஷமாகப் பையன்கள் சேர்த்த சங்கத்து ஆல்பத்தைச் செயலாளர் கந்தப்பன் பஸ்ஸில் தொலைத்துவிட்டான், ஆகவே அவனைச் சங்கத்தை விட்டு நீக்குகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே அவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான். உன் தம்பி அங்கே செயலாளர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும் கண்ணு. நீக்கின பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவானாம், உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவானாம். புதுசாக ஒரு ஆல்பம் சேர்த்துக் கொடுத்துடறேனுங்க என்று வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறான். வா என்று கூப்பிட்டிருக்கலாமுங்க, நான் கூப்பிடலை என்று வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவன் தொலைக்கவில்லை சாமி, நான்தான் அடுப்பில் போட்டு எரித்தேன் என்று அத்தனை பையன்கள் முன்னாலும் சொன்னேன். ஒரு பையன், பஸ்ஸில விட்டுட்டேன்னுதானுங்க எங்ககிட்டச் சொன்னான் என்றான். அது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். அந்த வரியை அடித்துவிடச் சொல்லி வாத்தியாரைக் கேட்டுக்கொண்டேன். அவர் பேனாவை என்னிடமே கொடுத்தார். முப்பது வருஷமாகக் கோடு தவறாமல் துணி வெட்டுகிற கையால் ஒரு வரியை நேராக அடிக்க முடியவில்லை. பக்கத்தில், ஆல்பத்தை எரித்தது தகப்பன் நாச்சிமுத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாத்தியார் அதன் கீழே, கந்தப்பன் இன்றும் செயலாளர் என்று எழுதினார்.

அம்மாவிடம் வந்து எல்லாம் சொன்னேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வைக்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. பேரனுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடு, வெளியில் எதையும் வாங்கிக் கொடுக்காதே. அவன் ஏதாவது சொல்ல வந்தால் கடைசி வரைக்கும் கேட்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது அம்மணி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
செ. நாச்சிமுத்து